தராசுக்கு ஒரு பதில்

ஜூலை 6, ஞாயிறு

பால் அடிபிடித்துப் பாத்திரம் கருகிவிட்டது. பக்கத்து அறையில்தான் இருந்தேன். வாசனை தெரியவில்லை. மார்ச் மாதம் குரல்வளையை எடுத்ததிலிருந்து நான் மூச்சு விடுவது கழுத்தில் இருக்கும் துளை வழியாக. மூக்கு சும்மா முகத்தில் இருக்கிறது. புற்று முழுவதும் போய்விட்டது, இனிப் பயமில்லை என்றார் டாக்டர். பேச்சு போகும் என்பதைப் பல தடவை சொன்னார். பாலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என் வீட்டுக்காரர் ஓடிவந்து அடுப்பை அணைத்தார். பிறகு என் சிலேட்டை எடுத்து, ‘பரவாயில்லை. வேறு பால் வாங்கி வருகிறேன்’ என்று எழுதிக் காட்டினார். எனக்குப் பேச்சு வராது, நான் எழுதுகிறேன். இவர் எதற்கு எழுதுகிறார்? மின்வாரியத்தில் கம்பத்து மேலே நின்றுகொண்டு கீழே இருப்பவர்களைக் கத்தி வேலை வாங்கியே பழகிய மனிதர். இப்போது வீட்டில் மிக்ஸி மட்டும்தான் சத்தம் போடுகிறது.

பாத்திரத்தைத் தேய்த்தேன். கறை போகவில்லை. நாளைக்கு மறுபடியும் தேய்க்க வேண்டும்.

ஜூலை 9, புதன்

‘ஒளிக்கூம்பு’ குழுவில் இன்று ஒரு பையன் கேட்டிருந்தான்: நாம் பார்க்காதபோது எலக்ட்ரான் ஓர் இடத்தில் இருக்கிறதா, இல்லையா? மனிதனின் கண் பட்டால்தான் உலகமே உண்டாகிறது என்று யாரோ அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ‘தம்பி, குவாண்டத்தில் பார்ப்பது என்றால் கண்ணால் பார்ப்பது இல்லை. எலக்ட்ரான் போன தடம் வேறு எதிலாவது பதிந்தாலே போதும். அதைப் பார்க்க யாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை’ என்று எழுதினேன். பதினேழு பேர் கை தட்டும் படம் போட்டார்கள்.

இணையத்தில் தமிழில் இயற்பியல் பேசும் குழு இது. ஒரு மாதமாக இருக்கிறேன். ஊர் பாளையங்கோட்டை என்பதால் ‘கோட்டை’ என்று பெயர் வைத்துக்கொண்டேன். எல்லாரும் ‘கோட்டை சார்’ என்கிறார்கள். நான் திருத்தவில்லை. அங்கே எல்லாரும் எழுதித்தான் பேசுகிறார்கள், அதனால் எனக்குச் சௌகரியம். ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் குரல் கூட்டம் ஒன்று உண்டு. அதற்கு நான் போவதில்லை. நேரமில்லை.

ஜூலை 13, ஞாயிறு

அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். பிளஸ் ஒன் பாடக் குறிப்புகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாம் என்று எடுத்தேன். அவர் இன்று வரவில்லை. திரும்ப வைத்துவிட்டேன்.

குழுவில் ‘தராசு’ என்ற ஆள் ஒரு கேள்வி போட்டிருக்கிறார். நல்ல திமிர். “இரட்டையரில் அண்ணன் விண்கலத்தில் வேகமாகப் போய்த் திரும்புகிறான். தம்பி பூமியில் இருக்கிறான். திரும்பி வந்த அண்ணன் தம்பியைவிட இளமையாக இருப்பான் என்கிறீர்கள். எல்லா இயக்கமும் சார்பு என்றால், அண்ணன் பார்வையில் தம்பிதானே தூரமாய்ப் போய்த் திரும்பி வந்தான்? அப்போது தம்பிதானே இளமையாக இருக்க வேண்டும்? இரண்டு பேரும் ஒருவரைவிட ஒருவர் இளையவரா? இதற்குப் பெயர் அறிவியலா?”

அறுபது பேர் பதில் எழுதியிருந்தார்கள். அதில் பாதி வசவு.

ஜூலை 15, செவ்வாய்

பதில் போட்டேன். அண்ணன்தான் நடுவழியில் திரும்புகிறான். திரும்பும்போது முடுக்கம், அவன் உடம்பில் ஓர் உதறல் தெரியும். தம்பிக்கு அது இல்லை. அந்த உதறல்தான் வயது வித்தியாசத்துக்குக் காரணம். முடிந்தது விவகாரம்.

கத்தரிக்காய்க் குழம்பு. இவர் இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டார். சிலேட்டில் ‘நல்லாருக்கு’ என்று எழுதினார்.

ஜூலை 16, புதன்

முடியவில்லை.

தராசு எழுதுகிறார்: “கோட்டை சார், இரண்டு விண்கலம் வைத்துக்கொள்வோம். ஒன்று ஓராண்டு போய்த் திரும்புகிறது. இன்னொன்று பத்தாண்டு போய்த் திரும்புகிறது. இரண்டும் ஒரே வேகம், திரும்பும்போது ஒரே உதறல். உங்கள் சூத்திரப்படி இரண்டாவதில் வயது வித்தியாசம் பத்து மடங்கு வருகிறது. உதறல்தான் காரணம் என்றால் இரண்டுக்கும் ஒரே வித்தியாசம்தானே வர வேண்டும்?”

நாலைந்து தடவை படித்தேன். அவர் சொல்வது சரி. சூத்திரம் எனக்குத் தூக்கத்தில்கூட வரும். காரணத்தைத்தான் கோட்டை விட்டிருக்கிறேன். காய் நறுக்கும்போது விரலில் வெட்டிக்கொண்டேன்.

ஜூலை 19, சனி

மூன்று நாளாக இதே வேலை. கிரைண்டர் ஓடும்போதும் இதேதான். இன்று இவருடன் பைக்கில் பஸ் ஸ்டாண்டு வரை போனேன். சிக்னலில் நின்றபோது தூத்துக்குடி பஸ்ஸும் திருச்செந்தூர் பஸ்ஸும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. அங்கேயே கிடைத்துவிட்டது. சிலேட்டு கையில் இல்லாததால் இவர் முதுகில் நாலு தட்டு தட்டினேன். என்னவோ ஏதோ என்று வண்டியை ஓரங்கட்டினார்.

எழுதியது இது: “தராசு அவர்களுக்கு, நீங்கள் சொன்னது சரி, நான் எழுதியது தப்பு. உதறல் காரணம் இல்லை. பாளையங்கோட்டையிலிருந்து தூத்துக்குடிக்கு நேர் ரோட்டில் போனால் ஒரு தூரம். திருச்செந்தூர் சுற்றிப் போனால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. திருச்செந்தூரில் வண்டியைத் திருப்பிய அந்த இடத்தில் கிலோமீட்டர் ஒன்றும் கூடிவிடவில்லை. ஆனால் திருப்பியதால்தான் அது வேறு வழி. கைக்கடிகாரமும் அப்படித்தான். வண்டியின் மீட்டர் ரோட்டை அளப்பதுபோல, கடிகாரம் தான் கடந்துவந்த வழியை அளக்கிறது. அண்ணன் வழி வேறு, தம்பி வழி வேறு. ஒரே ஒரு வினோதம், காலமும் இடமும் சேர்ந்த கணக்கில் நேர்வழிதான் அதிக நேரம் காட்டும், சுற்றுவழி குறைவாகக் காட்டும்.”

கூடவே அழகாக வரைபடமும் வரைந்து போட்டேன். சிவப்பில் அண்ணன், நீலத்தில் தம்பி.

ஜூலை 20, ஞாயிறு

எல்லாரும் பாராட்டுகிறார்கள். தராசு மட்டும்: “வலி புரிகிறது. கடைசி வினோதம் புரியவில்லை. படம் எனக்கு வேண்டாம். சொல்லுங்கள்.”

‘வழி’ என்று எழுதத் தெரியாதவருக்கு என் படம் வேண்டாமாம்.

ஜூலை 26, சனி

எங்கள் எச்.எம். எமிலி டீச்சர் பழங்களோடு வீட்டுக்கு வந்தார்கள். என் கையைப் பிடித்துக்கொண்டே பேசினார்கள். “கனி டீச்சர், காலாண்டு லீவு முடிஞ்சு நீங்க வரலாம். லைப்ரரி இப்ப காலியாத்தான் கெடக்கு. குளுகுளுன்னு இருக்கும். யார்கிட்டயும் பேச வேண்டிய அவசியமே இல்ல. பிளஸ் ஒன், பிளஸ் டூ ரெண்டையும் புதுசா வந்த பொண்ணு பாத்துக்கிடுதா.”

நல்ல மனசு. தலையாட்டினேன். லைப்ரரி நல்ல இடம்தான். மின்விசிறி நன்றாகச் சுற்றும். எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

அவர்கள் போன பிறகு இட்லி மாவு அரைத்தேன். உளுந்து அதிகமாகிவிட்டது. தரையைத் துடைத்தேன். இரண்டாவது தடவையும் துடைத்தேன்.

ஜூலை 27, ஞாயிறு

தராசு பொதுவிலேயே எழுதிவிட்டார்: “கோட்டை சார் ஞாயிறு கூட்டத்துக்கு வந்து வாயால் சொல்லட்டும். நான் அங்கே கேட்டுக்கொள்கிறேன்.” மைக் பழுது என்று போட்டேன். ஒருவன் கீழே எழுதுகிறான்: “கோட்டை சாருக்கு மைக் இல்லையா, வாய் இல்லையா?” சிரிப்புப் படங்கள் முப்பது.

ஜூலை 28, திங்கள்

எழுத ஒன்றும் இல்லை.

ஜூலை 31, வியாழன்

பீரோவில் துணிகளுக்கு அடியில் இருந்த குரல் கருவியை எடுத்தேன். சின்ன டார்ச் மாதிரி இருக்கும். கழுத்தில் சரியான இடத்தில் அழுத்திப் பித்தானைத் தட்டினால் ‘ர்ர்ர்’ என்று அதிரும். அந்த அதிர்வை வைத்து வாயும் நாக்கும் சொல்லை உருவாக்க வேண்டும். ஏற்ற இறக்கம் வராது. மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தரும் ஃபெமினா ஏப்ரலிலேயே கற்றுக்கொடுத்தாள். அன்றைக்குக் கண்ணாடி முன் ஒரே ஒரு தடவை என் பெயரைச் சொன்னேன். வண்டு பேசுவது போல் இருந்தது. வீட்டுக்கு வந்து பீரோவில் வைத்தேன். அதற்கப்புறம் இன்றுதான் எடுக்கிறேன்.

தராசுக்காகத்தான். வேறு எதற்கும் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஃபெமினாவைப் பார்த்துவிட்டு வந்தேன். எங்கே போனீங்க இத்தனை நாளா என்று கேட்கவில்லை. கருவியை வாங்கி என் கழுத்தில் அங்கும் இங்கும் வைத்துப் பார்த்தாள். தாடைக்குக் கீழே இடது பக்கம், புளியங்கொட்டை அளவு ஓர் இடம். அங்கே வைத்தால்தான் சத்தம் வாய்க்குள் போகிறது. பேனாவால் புள்ளி வைத்துவிட்டாள்.

“அவசரப்படாதீங்க டீச்சர். வாய நல்லாத் தொறந்து, ஒவ்வொரு சொல்லா வைங்க. வாக்கியம் முடிஞ்சதும் பித்தான விட்ருங்க. இல்லன்னா முற்றுப்புள்ளியே இல்லாமப் பேசுற மாதிரி இருக்கும்.”

சிலேட்டில் எழுதினேன்: ‘நான் முன்னாடியும் அப்படித்தான்.’ சத்தம் போட்டுச் சிரித்தாள்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

இவர் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு பயிற்சி. வாஷிங் மெஷினுக்குச் சார்பியல் நடத்துகிறேன். ‘பத்து’ என்றால் ‘வத்து’ என்று வருகிறது. ‘சட்டகம்’ பரவாயில்லை. ‘ஹைட்ரஜன்’ வரவே இல்லை. மூச்சைப் பலமாக விட்டால் கழுத்துத் துளை இரைகிறது, சொல் அமுங்கிப்போகிறது. பக்கத்து வீட்டு நாய் முதலில் குரைத்தது. இப்போது பழகிவிட்டது.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று மதியம் பயிற்சி முடித்துக் கதவைத் திறந்தால், இவர் வாசற்படியில் திறக்காத சாப்பாட்டுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். எவ்வளவு நேரமாகவோ தெரியாது. சட்டை முதுகெல்லாம் வேர்வை. நான் பார்த்ததும் உள்ளே வந்து அவசரமாகச் சிலேட்டைத் தேடினார்.

கருவியைக் கழுத்தில் வைத்தேன். “எனக்குக் காது கேக்கும். பேசுங்க.”

நின்றார். தூக்கை மேசையில் வைத்தார். பிறகு, “நான் பேசி, நீ பேச முடியாம… அது ஒனக்கு சங்கடமா இருக்கும்னுதான் ஏளா…” என்று ஆரம்பித்தவர் முடிக்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு தண்ணீர் குடித்தார்.

“சாப்புடுங்க” என்றேன்.

“என்ன கொழம்பு?”

“புளி.”

“நேத்தும் புளிதான?”

“ஆமா.”

இப்படியே சாயங்காலம் வரை பேசினோம். முக்கியமாக ஒன்றும் பேசவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

கூட்டத்துக்குப் போனேன். பேச வாய்ப்புக் கொடுத்தார்கள். கருவியை வைத்து, “வணக்கம். நான் கோட்டை. தராசு கேட்ட கேள்விக்கு வருகிறேன். கடிகாரம் வழியை அளக்கிறது” என்று சொன்னேன். நாற்பது பேர் இருந்தார்கள். யாரோ சிரித்தார்கள். குழுவை நடத்தும் சென்னைக்காரர் இளம்பரிதி, “யாரோ ரோபோ வாய்ஸ் போட்டு விளையாடறாங்க, ஸாரி ஃபிரண்ட்ஸ்” என்றார். அவ்வளவுதான். என்னைக் கூட்டத்திலிருந்து வெளியே தள்ளிவிட்டார்.

இவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். “மறுபடியும் உள்ள போ” என்றார். போகவில்லை.

செப்டம்பர் 1, திங்கள்

காலையில் தராசிடமிருந்து தனிச் செய்தி. அப்படியே எழுதிவைக்கிறேன்.

“கோட்டை சார், நேற்று வந்தது நீங்கள்தான் என்று நினைக்கிறேன். யாரும் விளையாடவில்லை, அது ஆள் பேசிய குரல்தான் என்று இளம்பரிதியிடம் சொன்னேன். அவர் நம்பியபோது நீங்கள் கூட்டத்தில் இல்லை. என் பெயர் கோமதிநாயகம். ஊர் சங்கரன்கோவில், வேலை அருப்புக்கோட்டைப் பள்ளியில், வரலாற்று ஆசிரியர். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. நான் சொல்லச் சொல்ல போன் எழுதுகிறது, தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். குழுவில் வருவதையெல்லாம் போன்தான் எனக்குப் படித்துக் காட்டுகிறது. படம் வந்தால் ‘படம்’ என்று மட்டும் சொல்லும். அதனால்தான் சொல்லுங்கள் என்றேன். நாள் முழுக்க எந்திரக் குரலைக் கேட்டே பழகியவன் நான். மற்றவர்களுக்கு உங்கள் பேச்சு எப்படிக் கேட்டதோ தெரியாது. எனக்கு ஒவ்வொரு வார்த்தையும் புரிந்தது. மிச்சத்தையும் கேட்க வேண்டும்.”

வலி, வழி. அந்த ஆளைப் பற்றி நான் எழுதியதை மேலே போய்ப் படித்தேன். கோடு போட்டு அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும்.

மதியம் அவரைப் போனில் கூப்பிட்டேன். அறுவைக்குப் பிறகு நானாக ஒருவரைக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. “நான் சார் இல்ல. டீச்சர். செல்வகனி. ஃபிஸிக்ஸ்.”

“அய்யோ, மன்னிச்சிக்கோங்க டீச்சர்! இத்தன நாளா சார் சார்னு சண்டை போட்டுருக்கேனே.”

“சண்டை சரிதான். அத விட்ராதீங்க.”

வகுப்பில் முதல் நாள் எப்படிச் சமாளித்தார் என்று கேட்டேன். தெரிந்துகொள்ளத்தான்.

“முதல் நாளு பாதிப் பயலுவ பின் வாசல் வழியா நழுவிட்டானுவ டீச்சர். நான் மிச்சம் இருந்தவனுக்குப் பாடம் நடத்துனேன். மறுநாளு வாசல்ல நின்னு ஒவ்வொருத்தன் பேரையும் கேட்டுத்தான் உள்ள விட்டேன். குரல வச்சே இன்னாருன்னு சொல்லிருவேன். ஒரு வாரத்துல அடங்கிட்டானுவ.”

செப்டம்பர் 7, ஞாயிறு

கூட்டம் ஆரம்பித்ததுமே இளம்பரிதி என்னிடம் மன்னிப்புக் கேட்டார். நீளமாகக் கேட்டார். “இருக்கட்டும். கேள்விக்கு வருவோம்” என்றேன்.

படம் இல்லாமல் சொல்ல வேண்டும். வாரம் முழுக்க அதற்குத்தான் தயார் செய்தேன். தரையில் இரண்டு மடங்கு சுற்றினால் மீட்டர் இரண்டு மடங்கு காட்டும், ஏனென்றால் அங்கே கிழக்கே போன தூரமும் தெற்கே போன தூரமும் வர்க்கமாகிக் கூடுகின்றன. காலமும் இடமும் சேர்ந்த கணக்கில் நடுவில் கூட்டல் குறி இல்லை, கழித்தல் குறி. இடத்தில் எவ்வளவு அலைகிறோமோ அவ்வளவும் கடிகாரத்திலிருந்து கழிகிறது. தம்பி அலையவில்லை, அவனுக்குக் கழிக்க ஒன்றுமில்லை. அண்ணன் அலைந்தான், கழிந்தது. ஒவ்வொரு சொல்லாக வைத்தேன். வாக்கியம் முடிந்ததும் பித்தானை விட்டேன். இரண்டு பேர் ‘புரியவில்லை’ என்று எழுதினார்கள். திரும்பச் சொன்னேன்.

கோமதிநாயகம் விடுவாரா? “சரி டீச்சர், அந்தக் கழித்தல் குறி எங்கருந்து வந்துச்சு? நீங்களா வச்சுக்கிட்டதா?”

“நாங்க வைக்கல. அளந்து பாத்தோம். வானத்துல பெறக்குற மியூவான்னு ஒரு துகள், அதோட ஆயுசுக்கு இவ்வளவு தூரம் தரைக்கு வந்து சேரவே கூடாது. வருது. விமானத்துல கடிகாரம் ஏத்தி அனுப்பிப் பாத்தாங்க. கணக்குப்படிதான் வந்துச்சு.”

“அது ‘இப்படி இருக்கு’ங்கிறது. ‘ஏன் இப்படி’ன்னு கேக்குறேன்.”

“ஒளியோட வேகம் எல்லாருக்கும் ஒண்ணா இருக்கணும்னா அந்தக் குறி இருந்தே ஆகணும்.”

“ஒளி ஏன் எல்லாருக்கும் ஒண்ணு?”

“அது எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியுமான்னும் தெரியாது.”

“இத மொதல்லயே ஒத்துக்கிட்டிருந்தா இவ்வளவு சண்டை வந்திருக்காதே!”

“முந்தின மூணு படிய ஒத்துக்காம நாலாவது படியில நின்னு கத்துனா எப்படி? மொதல்ல அதுக்குப் பதில் சொல்லுங்க!”

அடுக்களையிலிருந்து இவர் தலையை நீட்டினார். “ஏளா, சத்தத்தக் கொஞ்சம் கொற. தெருவுல போறவங்கல்லாம் நின்னு பாக்காங்க.”

கருவியின் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொண்டேன்.

கடைசியில் கோமதிநாயகம் சொன்னார்: “இரட்டையர் விஷயத்துல முரண்பாடு இல்ல. ஒத்துக்கிடுதேன். ஒளிய ஒத்துக்கிடல.” போதும்.

செப்டம்பர் 22, திங்கள்

பள்ளிக்கூடம் போனேன். எமிலி டீச்சர் அறையில் நின்று கருவியை வைத்து, “எனக்கு லைப்ரரி வேண்டாம். பிளஸ் ஒன் வேணும்” என்றேன்.

அவர்கள் கண் கலங்கிவிட்டது. பிறகு எச்.எம். ஆகிவிட்டார்கள். “கனி டீச்சர், புள்ளைங்க சிரிக்குமே?”

“சிரிக்கட்டும். சிரிச்சு முடிச்சதும் பாடம்.”

“பின் பெஞ்சுக்குக் கேக்கணுமே?”

அறைக் கடைசிக்குப் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு நியூட்டனின் இரண்டாம் விதியைச் சொன்னேன். அடுத்த அறையிலிருந்து கிளார்க் எட்டிப் பார்த்தார்.

“ஒரு செக்‌ஷன் எடுங்க. ஒரு மாசம் பாப்போம்” என்றார்கள்.

திரும்பி வரும் வழியில் இரண்டு தடவை நிழலில் நின்றேன். வெயில்.

அக்டோபர் 5, ஞாயிறு

புடவைக்கு இஸ்திரி போட்டேன். துளையை மறைக்கக் கழுத்துத் துணிகள் இரண்டு தைத்தேன், வெள்ளையில் ஒன்று, நீலத்தில் ஒன்று. கருவிக்குச் சார்ஜ். உபரி பேட்டரி பையில். கோமதிநாயகம் செய்தி அனுப்பியிருந்தார்: “வாசல்லயே நில்லுங்க டீச்சர். ஒரு பய தப்பக் கூடாது.”

அக்டோபர் 6, திங்கள்

பிளஸ் ஒன் பி பிரிவு. நாற்பத்திரண்டு பிள்ளைகள். உள்ளே போய், “உக்காருங்க” என்றேன். பின்னால் ஒருத்தி குனிந்துகொண்டாள், தோள் குலுங்கியது. இன்னொருத்தி என் குரல் மாதிரியே ‘உக்காருங்க’ என்று சொல்லிக் காட்டினாள். நன்றாகவே செய்தாள். வகுப்பு முழுவதும் சிரித்தது. நான் மேசையில் கை வைத்துக் காத்திருந்தேன். சிரித்து முடிய நான் நினைத்திருந்த அளவு நேரம் ஆகவில்லை.

“எனக்குத் தொண்டையில ஆபரேஷன். இனிமே இதுதான் என் குரல். கேள்வி இருந்தா இப்பவே கேளுங்க.”

ஒருத்தி எழுந்து, “வலிக்குமா டீச்சர்?” என்று கேட்டாள்.

“இல்ல. குளிக்கும்போதுதான் கவனமா இருக்கணும்.”

வேறு யாரும் கேட்கவில்லை. பலகையில் சாய்தளம் வரைந்தேன். எடையை இரண்டு கூறாகப் பிரித்தேன். ஒரு கை கழுத்திலும் ஒரு கை சாக்பீஸிலும் இருப்பதால் டஸ்டரை எடுக்கக் கையில்லை, முன் பெஞ்சுப் பிள்ளை தானாக வந்து அழித்துக் கொடுத்தாள். உராய்வு வரை போனேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாவது பெஞ்சில், சற்று முன்னால் என்னைப் போலப் பேசிக் காட்டினவளே கையைத் தூக்கினாள். “டீச்சர், புரியல.”

கருவியைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். “எது புரியல? நான் பேசுறதா, கணக்கா?”

அவள் பலகையைப் பார்த்தாள். பென்சிலால் தலையைச் சொறிந்தாள். “கணக்குதான் டீச்சர். கீழ இருந்த அந்தக் கோணம் எப்படி மேல போச்சு?”

பலகையை முழுவதும் அழிக்கச் சொல்லிவிட்டு, முதலிலிருந்து வரைந்தேன்.